பழைய டிராக்டருக்கு வீட்டிலேயே செய்த பனித்தள்ளி: ஒரு நிகழ்வு ஆய்வு

ரேடியேட்டருக்குக் கீழே இருந்த போல்ட்டை ஸ்பேனர் வைக்காமலே விரலால் சுற்றிக் கழற்றினேன். முதல் குளிர்காலத்தின் ஆறாவது பனிப்பொழிவு முடிந்த காலை அது. போல்ட்டின் கழுத்து சற்று மெலிந்திருந்தது. புது நட்டு ஒன்றை எடுத்து அதில் ஏற்றிப் பார்த்தேன். முதல் நாலைந்து மரை வரை வழவழவென்று ஓடிய நட்டு, அதற்கு மேல் இறுகி நின்றுவிட்டது. மரைகளுக்கு நடுவிலான இடைவெளி நீண்டிருக்கிறது, அதாவது போல்ட் இழுபட்டிருக்கிறது. அது பிடித்து வைத்திருந்த முன் ஆக்சில் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டு இதழ்களின் கொத்து) 0.3 மி.மீ. இதழ் தாராளமாக நுழைந்தது. சேரும் இடத்தைச் சுற்றி ஈரமான செம்பழுப்புத் துரு ஒரு கோடாக ஓடியது. இரண்டு இரும்புகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்துகொண்டிருந்தால் வரும் துரு அது.

நான் எதன்மீதும் வேகமாக மோதவில்லை. பாதையோரத்தில் உறைந்து கிடந்த சரளை வரப்பில் பிளேடின் ஒரு மூலை நாலைந்து முறை தட்டியது, அவ்வளவுதான். அதற்கே இந்த நிலை என்றால், தவறு ஓட்டியதில் இல்லை, கட்டியதில்தான் இருக்க வேண்டும் என்று அன்றே புரிந்தது. முதல் வடிவத்தைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டாவதைச் செய்தேன். அது மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம், ஏன் ஒன்று தோற்றது, ஏன் மற்றது நிற்கிறது என்பதை, இதே வேலையில் இறங்கப் போகிறவருக்குப் பயன்படும்படி எழுதுகிறேன்.

டிராக்டரும் தேவையும்

வண்டி ஃபோர்டு 8என். 1947 முதல் 1952 வரை வந்த வரிசை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர், பின்சக்கரங்களுக்கு மட்டும் இழுவை, எடை சுமார் 1,100 கிலோ. பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்னால் ஹைட்ராலிக் இணைப்பு எதுவும் கிடையாது. பின்னால் மூன்று புள்ளி இணைப்பு (கலப்பை போன்ற கருவிகளை மூன்று இடத்தில் மாட்டும் அமைப்பு) மட்டும் உண்டு.

தள்ள வேண்டியது ஒரு நீளமான சரளைப் பாதை, கொட்டகை முன்னே ஒரு முற்றம். பின்னால் மாட்டும் பிளேடை முதலில் யோசித்தேன். மூன்று புள்ளியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது, செய்வதும் சுலபம். ஆனால் பின் பிளேடு வழித்தெடுப்பதற்குள் நான்கு சக்கரமும் பனியை மிதித்துக் கெட்டியாக்கிவிடும். கெட்டிப்பட்ட சக்கரத்தடம் மறுநாள் பனிக்கட்டியாகி விடும். மணிக்கணக்கில் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டுவதும் பெரிய சிரமம். ஆழமான பனியில் பின்சக்கரம் புதைந்துவிட்டால் பிளேடு எந்த உதவிக்கும் வராது. ஆகவே முன் பிளேடு என்று முடிவு செய்தேன். அந்த முடிவை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் வடிவம் எளிமையாக இருந்தது. 6 மி.மீ. தட்டைத் தகடு, பின்னால் இரண்டு ஆங்கிள், முன் ஆக்சில் தாங்கியில் போல்ட் போட்ட ஒரு சட்டம். ஸ்பிரிங் கிடையாது. பார்க்க வலுவாகவே இருந்தது. பனி கொஞ்சமாக இருந்த நாட்களில் நன்றாகத் தள்ளவும் செய்தது.

விசை எந்த வழியாகப் போகிறது

இழுபட்ட போல்ட்டை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த வயதான வெல்டர் ஒருவரிடம் போனேன். அவர் போல்ட்டைப் பார்க்கவில்லை. வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இந்த வண்டிக்கு சேஸி எங்கே இருக்குன்னு காட்டுங்க."

"சேஸி கிடையாதுண்ணே. எஞ்சினே சேஸி."

"அப்ப நீங்க பனியை எதை வெச்சுத் தள்ளுறீங்க?"

அவர் கேட்டதுதான் மொத்த விஷயமும். லாரிக்கும் காருக்கும் இருப்பது போல நீள இரும்புச் சட்டம் எதுவும் இந்த வகை டிராக்டரில் இல்லை. முன் தாங்கி, எஞ்சின், கியர்பெட்டி, பின் ஆக்சில் உறை என்று நான்கு வார்ப்புத் துண்டுகளை வரிசையாக போல்ட் போட்டு இணைத்ததுதான் வண்டியின் முதுகெலும்பு. முன் ஆக்சில் தாங்கி சுமக்க வேண்டியது ரேடியேட்டரையும் முன்பக்க எடையையும் மட்டும். அதன் நுனியில் பிளேடைக் கட்டித் தள்ளினால், பிளேடுக்கு வரும் எதிர்விசை ஒவ்வொரு போல்ட் இணைப்பையும் முறுக்கிக்கொண்டே பின்னால் போகும். அதுவும் பிளேடின் விளிம்பு தரையில் இருக்கிறது, போல்ட்டுகள் அதைவிட அரை மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயர வித்தியாசம் ஒரு நெம்புகோல். கீழே தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் இணைப்பின் கீழ்ப்பகுதி அழுந்தும், மேல்ப்பகுதி திறக்கப் பார்க்கும். என் போல்ட் நீண்டது அப்படித்தான்.

இந்த டிராக்டர் விசையை வாங்கிக்கொள்ளத் தெரிந்த இடம் ஒன்று உண்டு. 1938இல் ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் கைகுலுக்கிச் செய்த ஒப்பந்தத்தில் பிறந்தது 8என்னின் முன்னோடியான 9என். அது 1939இல் வந்தபோது ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பும் கூடவே வந்தது. 8என்னிலும் அதே அமைப்புதான். அதில் கலப்பையின் இழுவை முழுவதும் இரண்டு கீழ்க்கைகள் வழியாகப் பின் ஆக்சில் உறையின் அடிப்பக்கத்துக்குப் போகிறது. உழும்போது மண், கலப்பை வழியாக வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. பனி தள்ளும்போது பனி, பிளேடு வழியாக வண்டியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வண்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே திசை. அப்படியானால் பிளேடை முன்னால் வைத்தாலும் அதன் சுமையைப் பின்னால், கீழ்க்கைகள் மாட்டும் அதே பின்களில் (இரும்பு முளைகளில்) கொண்டுபோய் இறக்கினால் போதும். வண்டி உழுவதாகவே நினைத்துக்கொள்ளும்.

இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. கீழ்க்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்து இரண்டு தள்ளுதண்டுகள் வண்டியின் வயிற்றுக்கடியில் ஓடி, முன் ஆக்சிலுக்குக் கீழே புகுந்து, பிளேடை அடைகின்றன. முன் தாங்கியில் தள்ளுவிசை துளியும் இல்லை.

எவ்வளவு விசை

இரண்டாவது முறை கணக்குப் போடாமல் வெல்டிங் ராடைக் கையில் எடுக்கவில்லை.

புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. படிந்து இறுகிய பனி 300 கிலோவைத் தொடும். 15 செ.மீ. உயரப் பனியில் 183 செ.மீ. அகல பிளேடு 10 மீட்டர் போனால் கிட்டத்தட்ட 2.7 கனமீட்டர் சேரும். புதுப் பனியானால் அது 270 கிலோ வரை. ஒரு நாள் விட்டுப் போனால் அதே கன அளவுக்கு 800 கிலோவைத் தாண்டும். பனி விழ விழத் தள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் பனி எவ்வளவு எடையாக இருந்தாலும், சக்கரத்துக்குப் பிடி இருக்கும் அளவுக்குத்தான் டிராக்டர் தள்ளும். பின்சக்கரங்களில் சுமார் 700 கிலோ இறங்குகிறது. அமுங்கிய பனியில் வெறும் டயருக்குப் பிடிமானம் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், தள்ளுவிசை 140 கிலோ எடைக்குச் சமம். சக்கரச் சங்கிலி போட்டு, பின்சக்கரங்களில் மொத்தம் 300 கிலோ சேர்த்து, பிடிமானத்தை 0.4 என்று எடுத்துக்கொண்டால் 400 கிலோ. இதற்கு மேல் சக்கரம் வழுக்கிவிடும். 400 கிலோ ஒன்றும் பெரிய விசை இல்லை, நல்ல 12 மி.மீ. போல்ட் ஒன்றே தாங்கும்.

உடைப்பது மோதல். 1,100 கிலோ வண்டி மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் சுமார் 2,700 ஜூல் ஆற்றல் இருக்கிறது. உறைந்த கல்லில் பிளேடு முட்டி, 2 செ.மீ. தூரத்துக்குள் வண்டி நின்றால், சராசரி விசை 13 டன்னுக்கு மேல் வரும். வேகத்தை மணிக்கு 4 கி.மீ. ஆக்கினால் அது கால்வாசியாகக் குறையும். அப்போதும் 3 டன்னுக்கு மேல்தான். இந்தக் கணக்கு இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, நடை வேகத்துக்கு மேல் போகக்கூடாது. இன்னொன்று, இரும்பை எவ்வளவு தடிமனாக்கினாலும் தீராது, பிளேடு வழிவிட வேண்டும். தகடு தடிமனானால் அடுத்த பலவீனமான இடம் உடையும். அந்த அடுத்த இடம் டிராக்டரின் வார்ப்பிரும்பாக இருந்தால் அதை வெல்டிங் போட்டு மீட்பது பெரும்பாடு.

பிளேடு

தட்டைத் தகடு பனியைச் சுவர் போலத் தள்ளும். பனி எதிரே குவிந்து, மேல் விளிம்பைத் தாண்டி ரேடியேட்டர் பக்கம் விழும். வளைந்த தகட்டில் பனி ஏறி, சுருண்டு, முன்னாலேயே விழுந்து உருளும். சாய்த்து வைத்தால் உருண்டபடியே பக்கவாட்டில் ஒதுங்கும். தகட்டை உருளை இயந்திரத்தில் கொடுத்து வளைத்து வாங்க வேண்டியதில்லை. பெரிய குழாயை நீளவாக்கில் அறுத்தால் வளைவு தயாராகக் கிடைக்கிறது.

இங்கே பலர் சறுக்குவது விட்டத்தில். 60 செ.மீ. விட்டக் குழாய்தான் எளிதில் கிடைக்கிறது என்று அதில் மூன்றில் ஒரு பங்கை அறுத்துவிடுகிறார்கள். வளைவின் நுனி, அதன் நாணிலிருந்து (இரு நுனிகளையும் சேர்க்கும் நேர்கோடு) பாதிக் கோணம் விலகி நிற்கும். 120 பாகை வில்லுக்கு அது 60 பாகை. நாணைச் செங்குத்தாக நிறுத்தினால் கீழ் விளிம்பு தரையோடு வெறும் 30 பாகையில் படுத்துவிடும். அப்படிப் படுத்த விளிம்பு பனியை வழிக்காது, சரளையைத் தோண்டும். நிமிர்த்தப் போனால் மேல்பக்கம் குடை போல முன்னால் கவிழ்ந்து உயரம் போய்விடும்.

நான் எடுத்தது 91 செ.மீ. விட்டக் குழாயின் பழைய துண்டு, கனம் 6 மி.மீ. சொச்சம். சுற்றளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 72 பாகை. நாண் 53.5 செ.மீ. வருகிறது. மேல்பக்கத்தை 16 பாகை முன்னால் சாய்த்தேன், கீழ் விளிம்பு தரையோடு 70 பாகையில் நின்றது. அதில் 7 செ.மீ. சொச்சம் கீழே நீட்டும் விளிம்புப் பட்டை சேர்ந்து மொத்த உயரம் 58 செ.மீ. ஆனது. வேலை செய்து பார்த்த பிறகும் இந்த அளவில் எதையும் மாற்றத் தோன்றவில்லை.

அகலம் 183 செ.மீ. ஆனதற்குக் காரணம் உண்டு. பனியை ஓரத்துக்கு ஒதுக்க பிளேடை இடமோ வலமோ 30 பாகை சாய்த்தால், அது வழிக்கும் அகலம் சுமார் 158 செ.மீ. ஆகச் சுருங்கும். பின்சக்கரங்களின் வெளிப்பக்க அகலம் என் வண்டியில் 150 செ.மீ. சாய்த்த நிலையிலும் பிளேடு சக்கரத்துக்கு வெளியே நீள வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வழிக்காத பனியில் ஏறும்.

அறுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழாய்க்குள் உற்பத்தியின்போதே இறுக்கம் தங்கியிருக்கும். நீளவாக்கில் ஒரே மூச்சில் கேஸ் கட்டிங் போட்டால் துண்டு வில் போலத் திருகிக்கொள்ளும். 25 செ.மீ. அறுத்து 2 செ.மீ. விட்டு, மறுபடி 25 செ.மீ. என்று விட்டுவிட்டு அறுத்தேன். எல்லாம் ஆறிய பிறகு அந்தச் சின்னப் பாலங்களைக் கடைசியில் கிரைண்டரால் வெட்டினேன். 183 செ.மீ. நீளத்தில் 3 மி.மீ. மட்டுமே வளைந்திருந்தது. பின்பக்க வலுவுக்கான விலாத்தகடுகளை அங்கங்கே பொட்டு வெல்டிங்கில் (டேக்) பிடித்து, வலமும் இடமும் மாறி மாறிச் சிறு சிறு தையலாக வெல்டிங் போட்டபோது அதுவும் நிமிர்ந்துவிட்டது.

இதோடு ஒரு எச்சரிக்கை. குழாய்க்குப் பதிலாக பழைய எரிபொருள் தொட்டியையோ கேஸ் தொட்டியையோ அறுக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த தொட்டியிலும் உள்சுவரில் ஆவி ஒட்டியிருக்கும். தீ பட்டதும் வெடிக்கும். ஒரு தகட்டுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

கீழ் விளிம்பில் 150 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனப் பட்டை. எடை 26 கிலோ. அதை வெல்டிங் போடவில்லை, ஏழு போல்ட்டில் பிடித்தேன். போல்ட் தலை தகட்டோடு சமமாக அமரும் சதுரக் கழுத்துப் போல்ட், 16 மி.மீ., 8.8 வலுத்தரம். துளைகளைப் பட்டையின் நடுக்கோட்டில் போட்டால், ஒரு பக்கம் தேய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம்.

வழிவிடும் ஸ்பிரிங்

பிளேடும் தள்ளுசட்டமும் இரண்டு கீல்களில் சேர்கின்றன. கீலுக்கு மேலே இரண்டு இழுவை ஸ்பிரிங்குகள் பிளேடின் தலையைப் பின்னால் இழுத்து நிறுத்துகின்றன. விளிம்பு கல்லில் முட்டினால் கீழ்ப்பகுதி பின்னால் போய், தலை முன்னால் கவிழ்ந்து, பிளேடு கல்லின்மேல் ஏறித் தாண்டும். தாண்டியதும் ஸ்பிரிங் அதைத் திரும்ப நிமிர்த்தும்.

கீல் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் ஒரு முறை தவறினேன். முதலில் தரையிலிருந்து 26 செ.மீ. உயரத்தில் வைத்தேன். ஈரப்பனி வந்த நாளில், கல் எதுவும் இல்லாமலே பிளேடு தலை குனிந்துகொண்டே இருந்தது. அடியில் இறுகிய பனியே விளிம்பைப் பிடித்து இழுக்கப் போதுமானதாக இருந்தது, அதற்கு 26 செ.மீ. நெம்புகை கிடைத்தது. கீலை 18 செ.மீ.க்கு இறக்கினேன். நெம்புகை குறைந்தது. கீலுக்கு மேலே பனி அழுத்தும் பரப்பும் கூடியது. அந்த அழுத்தம் பிளேடை நிமிர்ந்தே நிற்க வைக்க உதவுகிறது.

ஸ்பிரிங் வலு இப்படி வருகிறது. விளிம்பில் 350 கிலோ வந்தால் கவிழ வேண்டும் என்று முடிவு செய்தேன். சக்கரம் வழுக்கும் 400க்குச் சற்றுக் கீழே. 350ஐ 0.18 மீட்டரால் பெருக்கினால் 63. ஸ்பிரிங் மாட்டும் கொக்கி கீலிலிருந்து 0.32 மீட்டர் மேலே. 63ஐ அதால் வகுத்தால் 197. ஆக, ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் முன்கூட்டியே சுமார் 100 கிலோ இழுவை ஏற்றி வைக்க வேண்டும். கொக்கிக்குப் பதிலாக நீள மரை போட்ட ஐ-போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) வைத்து, நட்டைத் திருகி இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தேன். தொங்கு தராசில் இழுத்துப் பார்த்துத்தான் அளவு வைத்தேன், கண்மட்டத்தில் இல்லை.

தள்ளுசட்டமும் தூக்குவதும்

தள்ளுதண்டுகள் 75 மி.மீ. சதுரக் குழாய், 6 மி.மீ. கனம், தலா 2.6 மீட்டர். குறுக்கே இரண்டு இடத்தில் கட்டுத்தண்டு, நடுவில் ஒரு மூலைவிட்டம். பிளேடைச் சாய்த்ததும் பக்கவாட்டு விசை வரும், மூலைவிட்டம் இல்லாத சட்டம் சாய்சதுரமாகிப் போகும். சாய்வுக்கு அரைவட்டத் தகட்டில் 0, 15, 30 பாகையில் துளைகள். இறங்கிப் பின்னை மாற்ற வேண்டும், அது போதும். எல்லாம் சேர்த்து எடை சுமார் 190 கிலோ.

பின்பக்கப் பின் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், பிளேடு விளிம்பு தரையில். தண்டு முன்னோக்கிச் சரிந்து இறங்குவதால், பனி எதிர்க்க எதிர்க்க பிளேடு தரையை நோக்கி அமுங்கும். எதிர்விசையில் 15 விழுக்காடு என்று கணக்கில் வருகிறது. 350 கிலோ எதிர்த்தால் 50 கிலோ கூடுதலாக அமுங்கும். இறுகிய பனியில் இது வரம். சரளையில் இதுவே தொல்லை. அதனால் பிளேடின் இருபுறமும், அதைத் தரைக்குச் சற்று மேலே தாங்கும், உயரம் மாற்றக்கூடிய சறுக்கு ஷூ அவசியம்.

தூக்குவதற்குப் பின் ஹைட்ராலிக் கைகளையே பயன்படுத்தினேன். கீழ்க்கைகள் இல்லாததால் மேல் கைகள் சும்மா இருந்தன. அவற்றிலிருந்து சங்கிலி இறங்கி, ஒரு உருளையில் திரும்பி, வயிற்றுக்கடியில் முன்னால் போய், முன் தாங்கியில் மாட்டிய இன்னொரு உருளை வழியாகச் சட்டத்தைத் தூக்குகிறது. முன் தாங்கி தூக்குகிற எடையை மட்டும் சுமக்கிறது, அது அதன் வேலைதான். சங்கிலி தொய்ந்து இருப்பதால் பிளேடு தரையின் மேடுபள்ளத்துக்குத் தானாக ஏறி இறங்குகிறது.

8என் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டியின் ஹைட்ராலிக் பம்ப் பி.டி.ஓ. தண்டில் (எஞ்சின் சக்தியை வெளிக்கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) ஓடுகிறது. கிளட்சை அமுக்கினால் பம்ப் நின்றுவிடும். பனிக்குவியலை முட்டித் தள்ளி, கிளட்சை அமுக்கி நிறுத்தி, பிளேடைத் தூக்கலாம் என்று லிவரை இழுத்தால் ஒன்றும் அசையாது. அப்படியே ரிவர்ஸ் எடுத்தால் ஷூ சரளையில் கொக்கி போட்டு இழுக்கும். கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விடு, தூக்கு, மறுபடி கிளட்ச், ரிவர்ஸ். ஒவ்வொரு தள்ளுக்கும் இத்தனை படி. முதல் வாரம் சலிப்பாக இருந்தது, இப்போது கால் தானாகச் செய்கிறது. குவியலைத் தொடுவதற்குச் சற்று முன்பே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளேடைத் தூக்கத் தொடங்கினால், கடைசிப் பனி மேலே ஏறிக் குவியும். ரிவர்ஸுக்கும் தயாராகிவிடும். அதுதான் நல்ல வழி.

இந்த வண்டியில் கியர்பெட்டி, டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில், சுமார் 19 லிட்டர். அதில் ஈரம் சேர்ந்து அடியில் தண்ணீராக நின்றால், கடுங்குளிரில் பம்ப் இருக்கும் இடத்தில் உறைந்து போகும். உறைந்த பம்பை ஓட்டினால் உள்ளே உடையும். குளிர்காலத்துக்கு முன் ஆயில் மாற்றுவதை நான் தள்ளிப்போடுவதே இல்லை. எடுத்த ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று பொருள்.

வண்டியோடு சட்டம் மாட்டிய நிலையில் வெல்டிங் போட நேர்ந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் போடும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள். பின்சக்கரத்தில் கிளாம்ப்பை மாட்டி முன்னால் வெல்டிங் அடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகத்தான் போகும்.

மூன்று குளிர்காலத்தில் பார்த்தது

சங்கிலி இல்லாமல் ஒரே ஒரு நாள் முயன்றேன். சமதளத்தில் கூடச் சக்கரம் சுழன்று பனியைப் பளபளவென்று தேய்த்துவிட்டது, அந்த இடம் குளிர்காலம் முழுதும் வழுக்கியது. சங்கிலியும் எடையும் சேர்ந்தால்தான் இந்த வண்டி பனித்தள்ளி. அதில் ஒன்று மட்டும் போதாது.

எதிர்பாராத தொல்லை ஸ்டீயரிங்கில் வந்தது. பிளேடை 30 பாகை சாய்த்துக் கனமான பனியில் போனால், பக்கவாட்டு விசை வண்டியின் மூக்கைத் தள்ளிக்கொண்டு போகிறது. மெல்லிய முன்சக்கரங்கள் திருப்பியபடி இருக்க, வண்டி நேராகச் சறுக்குகிறது. இப்போது ஆழப்பனியில் 15 பாகைக்கு மேல் வைப்பதில்லை. முதல் ஓட்டத்தில் பாதையின் நடுவை நேர் பிளேடால் திறந்துவிட்டு, அடுத்த ஓட்டங்களில் ஓரத்துக்கு ஒதுக்குகிறேன்.

தரை உறையும் வரை ஷூவை 2 செ.மீ. கீழே இறக்கி வைக்கிறேன். முதல் ஒன்றிரண்டு பனியில் மெல்லிய அடுக்கு ஒன்று தரையில் தங்கி இறுகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அந்த அடுக்குதான் பிறகு சரளையைக் காக்கிறது. முதல் ஆண்டு இது தெரியாமல் அடிவரை வழித்து, பனி உருகிய பிறகு புல்வெளியிலிருந்து கல் பொறுக்கவே இரண்டு நாள் ஆனது. பருவத்தின் முதல் பனியையே முடிந்தவரை தூரத் தள்ளி ஒதுக்க வேண்டும். பக்கச்சுவர் உறைந்த பிறகு அதை நகர்த்த முடியாது, ஒவ்வொரு பொழிவுக்கும் பாதை குறுகிக்கொண்டே வரும். பாதையோரக் கற்கள், வடிகால் மூடி, குழாய்த் தலை எல்லாவற்றுக்கும் பனி வருவதற்கு முன்பே உயரமான குச்சி நட்டுவிடுகிறேன்.

தகட்டின் உள்பக்கம் கரடாக இருந்தால் ஈரப்பனி ஒட்டும், ஒட்டிய பனி உருளாது. இரண்டாம் ஆண்டு வெல்டிங் மேடுகளைத் தேய்த்து, வழவழப்பான பெயின்ட் இரண்டு கோட் அடித்து, மேலே மெழுகு தேய்த்தேன். வித்தியாசம் அன்றே தெரிந்தது.

இரண்டாம் குளிர்காலத்தின் நடுவில், குச்சி நடாமல் விட்ட ஒரு மரக்கட்டை முற்றத்தின் மூலையில் பனிக்கடியில் உறைந்து கிடந்தது. நடை வேகத்தில் போய் அதில் முட்டினேன். டணார் என்று சத்தம். பிளேடு முன்னால் குப்புறக் கவிழ்ந்தது, இருக்கையில் ஒரு குலுக்கல், ஒரு அடி தள்ளி மறுபடி டணார் என்று நிமிர்ந்துகொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குக் கீழே படுத்தேன். 0.05 மி.மீ. இதழ் கூட நுழையவில்லை. பின்னால் போய்த் தள்ளுதண்டுப் பின்களைப் பார்த்தேன். பெயின்ட் கூட உரிந்திருக்கவில்லை. விளிம்புப் பட்டையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம்.

மூன்றாம் குளிர்காலம் முடிந்து பட்டையைக் கழற்றி அளந்தேன். வலது நுனியில் 25 மி.மீ. தேய்ந்திருக்கிறது, இடது நுனியில் 14. முற்றத்தின் அமைப்பால் பனியை எப்போதும் இடப்பக்கமே ஒதுக்குகிறேன், முன்னே நிற்கும் வலது மூலைதான் முதலில் தரையை வழிக்கிறது. பட்டையைத் தலைகீழாகத் திருப்பி, வலது இடது மாற்றி மாட்டியிருக்கிறேன். ஸ்பிரிங் கொக்கிகளில் ஒன்றின் உள்வளைவு தேய்ந்து பளபளக்கிறது, அதை அடுத்த பனிக்கு முன் மாற்ற வேண்டும். குழாயின் மிச்சத் துண்டு கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் இன்னும் இரண்டு பிளேடு வரும். ஒன்று பக்கத்து நிலத்துக்காரரின் டிராக்டருக்கு. அவர் வண்டியில் கீழ்க்கைப் பின் எந்த உயரத்தில் இருக்கிறது என்று நேற்றுத்தான் அளந்து வந்தேன்.